கல் நீங்கிய பின் உள்ளே நிற்கும் குழல்

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்தால் கொட்டாம்பட்டி. அங்கே கடும் வெயிலில் நாள் முழுதும் உழைக்கும் மக்களின் உடல்நீர் வியர்வையாய் வடிந்துவிட, சிறுநீர் செறிவடைகிறது. அதில் கரைந்த உப்புகள் படிகமாகி, நாளடைவில் சிறுநீரகக் கல்லாய்த் திரள்கின்றன.

கல் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்துவிடின், முதுகில் சிறு துளையிட்டு உடைத்தெடுப்பதே பெருவழக்கு. 1976இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் பெர்ன்ஸ்ட்ரோமும் யோகான்சனும் உலகிற்கு அறிவித்த வழி இது. துளையின் அகலம் ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே. ஆயினும் கல் வெளிவந்ததும் பணி முடிவதில்லை. வீக்கமோ, உறைந்த குருதியோ, எஞ்சிய துகளோ சிறுநீர்க்குழாயை அடைத்தால், மேலே தேங்கும் சிறுநீர் முதுகுத் துளை வழியே கசியும்.

அக்கசிவைத் தவிர்க்க, முன்னர் அத்துளையிலேயே ஒரு வடிகுழாயை நிறுத்திவைப்பர். படுக்கவும் புரளவும் நோயாளி துன்புறுவார். 1997இல் மருத்துவர் பெல்மன் குழுவினர், தக்க நோயாளிகளுக்கு அக்குழாயைத் தவிர்த்து, சிறுநீர்க்குழாயினுள் உட்குழல் ஒன்றையே வைக்கலாம் எனக் காட்டினர். மருத்துவமனைகளில் 'டி.ஜே. ஸ்டென்ட்' என வழங்கும் அக்குழலை 1978இல் வெளியிட்டவர் மருத்துவர் பின்னி.

அதன் அமைப்பு என்னை வியக்க வைக்கிறது. பருமன் 2 மி.மீ. அளவு, நீளம் 24 முதல் 26 செ.மீ. இரு முனைகளும் இயல்பாகவே சுருண்டவை. முதுகுத் துளை வழியே மெல்லிய கம்பியொன்றைச் சிறுநீர்ப்பை வரை செலுத்தி, அதன்மேல் குழலைக் கோத்துத் தள்ளுகின்றனர். கம்பி உள்ளிருக்கும் வரை குழல் நேராய் நிற்கும். கம்பியை உருவியதும் மேல்முனை சிறுநீரகத்திலும், கீழ்முனை சிறுநீர்ப்பையிலும் தாமே சுருண்டு நிலைகொள்ளும். இரண்டும் உரிய இடத்தில் சுருண்டனவா என்பதை எக்ஸ்ரே திரையில் காண்பர். சிறுநீர்ப்பை வழியாகக் கீழிருந்தும் இதனை ஏற்றலாம்.

குழல் உள்ளவரை அடிக்கடி சிறுநீர் முட்டும். கழிக்கையில் விலாப்புறம் வலிக்கும். சிறுநீர் குழல் வழியே மேலேறுவதே அவ்வலிக்குக் காரணம். இதனை முன்கூட்டியே சொல்லாவிடின் நோயாளி அஞ்சி நடுங்குவார். குழல் முனையில் நூல் கட்டி வெளியே விட்டிருந்தால், சிறுநீர்ப்பையினுள் செலுத்தும் அகநோக்கியின்றியே பற்றி இழுத்து எடுக்கலாம். நூல் தவறி இழுபட்டால் குழல் முன்னரே நழுவிவிடும்.

வலி நீங்கியவர் குழலை மறந்துவிடுவதே எனக்குப் பெருங்கவலை. சில வாரங்களில் எடுக்க வேண்டியது பல மாதங்கள் தங்கிவிடின், அதன் மேலேயே உப்பு படிந்து கல் வளரும். அதை எடுக்க மீண்டும் அறுவை நேரும். ஆகவே குழல் அகற்றும் நாளை நோயாளியின் சீட்டில் மட்டுமன்றி மருத்துவமனைப் பதிவேட்டிலும் எழுதி, நாள் கடந்தவரைத் தொலைபேசியில் அழைக்கும் வழக்கம் வேண்டும் என்பேன்.