உவர்நீரில் வீழ்ந்த தொட்டி விளக்கு

புத்தளம் மாவட்டத்தில் மதுரங்குளிக்கு அண்மையிலுள்ள கனமூலை போன்ற கரையோரக் கிராமங்களில், நெல்லும் மிளகாயும் கத்தரியும் செய்யும் கமக்காரர் சிலர் உபதொழிலாக மீன் தொட்டி வைத்திருப்பதுண்டு. கற்பிட்டிக் கடலிற் பிடிக்கப்படும் அலங்கார மீன்கள் ஏற்றுமதியாகின்றன. 1980ஆம் ஆண்டுகள் தொட்டு இக்கரையில் இறால் வளர்ப்பும் பரவியுள்ளது. ஆதலின் கடல்நீர்த் தொட்டியும் அதன்மேல் தொங்கும் மின்விளக்கும் இப்பகுதிக்குப் புதியன அல்ல. உப்புக் காற்றில் தொங்குகம்பி துருப்பிடித்து அறுந்து, விளக்கு நீரில் விழுவதும் நேரக்கூடியதே.

அவ்வேளையில் பதறிக் கையை நீரினுள் இடுதல் உயிருக்கே ஆபத்தாகும். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. உப்புநீரோ நன்னீரிலும் பன்மடங்கு எளிதாக மின்னைக் கடத்துவது. பிரதான ஆளியை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிய பின்னரே விளக்கை வெளியே எடுத்தல் வேண்டும். ட்ரிப் சுவிட்சு தானே விழுந்துவிட்டது என்று நம்பியும் தொடலாகாது. அதுவும் பழுதாகியிருக்கக் கூடும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

வெளியே எடுத்த விளக்கைத் துணியால் துடைத்து, எரிகிறதா என்று உடனே போட்டுப் பார்ப்பவர் உளர். பிழைத்திருக்கக்கூடிய விளக்கும் பெரும்பாலும் இதனாலேயே கெடுகிறது. உப்பு ஈரம் இருக்கையில் மின் பாய்ந்தால் செப்புத் தடங்கள் விரைவிற் கரைந்து பச்சை பூத்துவிடும்.

வேறு சிலர் நெல்லிலோ அரிசியிலோ இரண்டு நாள் புதைத்து வைப்பர். உலர்ந்த நெல் சிறிது ஈரத்தை ஈர்க்கும் என்பது மெய், உப்பை ஈர்க்காது. உமித்தூசியும் உள்ளே புகும். கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு; வறட்சிக் காலத்திற் புத்தளம் வாவிநீரில் அதனினும் மிகுவதுண்டு. நீர் வற்றினாலும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை மீண்டும் இழுத்துக்கொள்ளும். உவரேறிய வயலை வெயிலிற் காயவிட்டால் உவர் மேலே பூக்குமேயன்றிப் போகாது. நன்னீர் பாய்ச்சி வடித்தாலே போகும். விளக்கின் கதையும் அதுவே.

ஆகவே, உப்பு காய்ந்து படியுமுன் கழுவவேண்டும். 12 வோல்ற்று போன்ற குறைந்த மின்னழுத்தத்தில் எரியும் எல்.ஈ.டி. விளக்காயின் முயன்று பார்ப்பது தகும். மின்மாற்றிப் பெட்டியிலிருந்து அதனைப் பிரித்து, மூடியைத் திறந்து, சுத்தமான நீரை மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி அலசுக. கிணற்றுநீர் உவராயிருக்கும் இடங்களில் மழைநீரே நன்று. ஈற்றில் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை அலசுதல் நலம். அமிலம் கலந்த பற்றரித் திரவத்தைத் தவறியும் பயன்படுத்தலாகாது. இணைப்பு முனைகளில் பச்சை படிந்திருப்பின் மென்மையான பல்துலக்கியால் தேய்க்கலாம். பின்னர் காற்றோட்டமுள்ள நிழலில் இரண்டு மூன்று நாள் உலரவிடுக. அடுப்பருகே வைத்தால் பிளாத்திக்கு வளைந்துவிடும்.

230 வோல்ற்றை நேரே ஏற்கும் மின்மாற்றிப் பெட்டி நனைந்திருந்தால் அதைக் காப்பாற்ற முயலவேண்டாம். அதனுள் இருக்கும் மின்தேக்கி, பிளக்கைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் மின்னை வைத்திருக்கும். அதைத் திறப்பது கமக்காரர் செய்யும் வேலையன்று. புதுப்பெட்டி வாங்குவதே சிக்கனம். பழைய குழல் விளக்கின் சோக்கும் அவ்வாறே. குழல் உடைந்திருப்பின் அதில் பாதரசம் உண்டு என்பதை நினைவிற் கொண்டு, கதவு யன்னல்களைத் திறந்து, சிறிது நேரம் கழித்துக் கையுறையுடன் துண்டுகளைப் பொறுக்கி மூடிய போத்தலில் இடுக. வரப்போரத்தில் எறியலாகாது.

உலர்ந்த விளக்கை உடனே தொட்டியின்மேல் ஏற்றாது, மின்வினைஞர் ஒருவரிடம் காட்டுக. உலோக உறையுடையதாய் 230 வோல்ற்றில் எரியும் விளக்காயின், அவர் மெகர் கருவியால் 500 வோல்ற்றில் அளந்து பார்ப்பார்; காப்புத் தடை ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் அவ்விளக்கை மீண்டும் பாவிக்கலாகாது. தேறிய விளக்கையும் முதலில் உலர்ந்த பலகைமேல் வைத்துச் சில மணிநேரம் எரியவிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மீண்டும் தொங்கவிடும்போது இரும்புக் கம்பிக்குப் பதிலாக நைலோன் கயிறு இரண்டு கட்டுக. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். மின்வடம் பிளக்கை அடையுமுன் பிளக்கிலும் தாழ வளைந்து தொங்குமாறு விடப்படின், வடத்தில் வழியும் நீர் அவ்வளைவிற் சொட்டிவிடும். அலசிய உப்புநீரை நாற்றுமேடைப் பக்கம் ஊற்றவேண்டாம். இளநாற்று உவரைத் தாங்காது.