புதுப் பாட்டை எடை போடும் கலை

2015 ஜூலை 10 முதல், 45-க்கும் மேற்பட்ட நாடுகளில் புதிய இசை ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகின்றன. லண்டன்காரர் கேட்கும் அதே நாளில் உளுந்தூர்பேட்டைக்காரரும் கைபேசியில் கேட்டுவிடலாம். பாட்டுக்குப் பஞ்சமில்லை, இவ்வளவிலும் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். அதுதான் ஆல்ப விமர்சகரின் வேலை.

தமிழில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கச்சேரிகளை அலசியவர் கல்கி. அவர் முன்னால் இருந்தது மேடை. ஆல்ப விமர்சகர் முன்னால் இருப்பது ஒலிப்பதிவு. ஆகவே பாடுபவரின் திறமையோடு, பதிவு செய்தவரின் கைவேலையையும் சேர்த்தே அவர் எடை போட வேண்டும்.

முதலில் வரிசை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடப் பாட்டுதான் அடங்கும். 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்த பிறகு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்று யோசித்து அடுக்குவதும் கலையின் பகுதியாயிற்று. எனவே விமர்சகர் முதல் தடவை கேட்கும்போது பாட்டுகளைத் தாண்டிக் குதிக்காமல், கலைஞர் அடுக்கிய வரிசையிலேயே கேட்கிறார்.

அடுத்தது, எதில் கேட்கிறோம் என்பது. தவிலின் வலந்தலையில் விரல்கூடுகள் எழுப்பும் சுளீரென்ற ஒலி கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியிலும் கேட்டுவிடும். இடப்பக்கத் தொப்பியில் கழி விழும்போது எழும் கனத்த ஒலி அதில் வராது. பாதித் தவிலைக் கேட்டுவிட்டுத் தவில்காரரைக் குறை சொல்வது அநியாயம். நல்ல ஹெட்போனில் கேட்ட பிறகே தீர்ப்பு.

மூன்றாவது, சத்தத்தின் ஏற்ற இறக்கம். பறையடிப்பவர் தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பாக்குகிறார். மெல்லிய நீளக் குச்சி கூர்மையான ஒலியையும், தடித்த குட்டைக் குச்சி அழுத்தமான ஒலியையும் தருகின்றன. மெல்லத் தட்டுவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் அடவின் உயிர் இருக்கிறது. பாட்டு எடுப்பாகக் கேட்க வேண்டும் என்று பதிவுக்கூடத்தில் இந்த இடைவெளியை நசுக்கிவிடுவது உண்டு. அப்போது எல்லா அடியும் ஒரே உயரத்தில் நிற்கும். கேட்கிற காது சீக்கிரமே சலித்துவிடும். இதனால் ஆதாயமும் கிடையாது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே சராசரி ஒலியளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. உயர்த்திய சத்தம் அங்கே இறங்கிவிடும். நசுக்கிய அடி மட்டும் நசுங்கியபடியே நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கேள்வி உண்டு: இந்த ஆல்பம் செய்ய நினைத்தது என்ன? இரண்டு ஆல்பங்களைப் பாருங்கள். லண்டனில் பிறந்த ஈழத்தமிழர் எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ (2007), சென்னையில் பதிவான உருமி மேளத்தை மின்னிசைத் துண்டுகளோடு மோதவிடுகிறது. நெரிசலும் இரைச்சலும் அதன் நோக்கம். மும்பையில் வளர்ந்து நியூயார்க்கில் பாடும் பிரியா தர்ஷினியின் ‘பெரிஃபெரி’ (2020), ஒரே ஒலிவாங்கியைச் சுற்றிக் கலைஞர்கள் நின்று பதிவானது. யார் எவ்வளவு தள்ளி நின்றாரோ, அதுவே அவருடைய ஒலியளவு. இது கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. முன்னதில் அமைதியையும் பின்னதில் ஆரவாரத்தையும் தேடினால் இரண்டுமே தோற்றதாகத் தெரியும்.

இதே அளவுகோலை நம் ஊர் இசைக்கும் எடுத்துவர வேண்டும். கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் பேர்போன கூவாகம் உளுந்தூர்பேட்டைப் பக்கம்தான். பாரதத் தெருக்கூத்தை விடிய விடியக் கேட்ட காதுகளும் இந்த நடுநாட்டில் ஏராளம். கூத்தின் முகவீணை சிறிய சீவாளிக் கருவி. உச்ச சுருதியில் கிறீச்சிடும். திறந்த வெளியில் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டிய ஒலி அது. காதைக் குத்துகிறதே என்று பதிவில் அதன் முனையை மழுக்கினால், முகவீணை ஏதோ ஒரு குழலாகிவிடும். இந்தப் பிழையை வெளியூர் விமர்சகர் கவனிக்காமல் போகலாம். நேரில் கேட்டுப் பழகியவருக்கு முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும்.

ஆகவே கூத்து, பறை, கல்வராயன் மலைப் பாட்டு என்று எந்தப் பதிவு வந்தாலும், ‘நம்ம ஊர்ப் பாட்டு, அருமை’ என்று முதுகைத் தட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. கிராமி ஆல்பத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும். முகவீணை ஊதியவர் யார், மிருதங்கம் யார், பதிவு செய்தவர் யார் என்று பெயர் சொல்லி, எது தேறியது, எது சொதப்பியது என்று காரணத்தோடு எழுத வேண்டும். கலைஞருக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுதான்.