பெட்டி படுக்கையோடு 12 வருடம்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் ஆகஸ்ட் மாதம் பிறந்தாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். பயிற்சி முகாமுக்கு ஒவ்வொரு அணியும் 90 பேரை அழைக்கும். சீசன் தொடங்குவதற்குள் அதை 53 ஆகக் குறைத்தாக வேண்டும். மொத்தம் 32 அணிகள். சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போகும். “பயிற்சியாளர் கூப்பிடுகிறார், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா” என்று ஆள் வந்தால் முடிந்தது கதை. அணியின் வியூகங்கள் அடங்கிய அந்தப் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

நட்சத்திரங்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அணியின் கடைசிப் பத்து இடங்களில் தொற்றிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் தூக்கம் வராது. அந்த இடத்திலேயே பல வருடம் வாழ்ந்தவர் ஏ.கியூ. ஷிப்லி. 2009-ல் பிட்ஸ்பர்கில் தொடங்கி ஃபிலடெல்ஃபியா, இண்டியானாபொலிஸ், பால்டிமோர், திரும்பவும் இண்டியானாபொலிஸ், பிறகு அரிசோனா, கடைசியில் டாம்பா. 12 வருடத்தில் ஆறு அணிகள்.

ஒரு நொடியில் மூன்று வேலை

ஷிப்லி ஆடியது சென்டர் என்ற இடத்தில். தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து தடியர்கள் தோளோடு தோள் நிற்பார்கள். பந்தோடு ஓடுவதும் பிடிப்பதும் அவர்கள் வேலையல்ல. பின்னால் நின்று தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கை எதிரணி நெருங்கவிடாமல் தடுப்பதும், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும்தான் அவர்கள் பிழைப்பு. ஐவரில் நடு ஆள் சென்டர்.

குனிந்து பந்தின் மேல் கைவைத்த நிலையிலேயே அவர் எதிரணி நிற்கும் விதத்தைப் படிக்க வேண்டும். யார் பாயப்போகிறார், யார் பாசாங்கு செய்கிறார் என்று கணித்து, யார் யாரைத் தடுப்பது என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். பிறகு கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் அனுப்ப வேண்டும். பந்து கையை விட்ட அதே கணத்தில், மூக்குக்கு நேரே நிற்கும் 150 கிலோ ஆள் மேலே விழுவார். மற்ற நால்வருக்கும் இரண்டு கைகளும் முதலிலிருந்தே தயாராக இருக்கும். சென்டருக்கு ஒரு கை தாமதமாகத்தான் சண்டைக்கு வரும்.

வெளியூர் மைதானத்தில் கூச்சலில் குரல் எடுபடாது. அங்கே பல அணிகள் சைகையை நம்புகின்றன. சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் ‘கார்டு’ பின்னால் திரும்பி குவாட்டர்பேக்கைப் பார்ப்பார். அவர் தயார் என்றதும் சென்டரின் மேல் ஒரு தட்டு. சென்டர் தலையை அசைப்பார். அதை வைத்துத்தான் மற்றவர்கள் கிளம்புகிறார்கள்.

குட்டைக் கை

பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஷிப்லி முதலில் தற்காப்பு வரிசையில் இருந்தார். பிறகு சென்டருக்கு மாற்றினார்கள். 2008-ல் கல்லூரிக் கால்பந்தின் மிகச் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2009-ல் ஏழாவது, அதாவது கடைசிச் சுற்றில்தான், 226-வது ஆளாக பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை எடுத்தது.

காரணம், அளவு நாடா. உயரம் 6 அடி 1 அங்குலம். முன்வரிசைக்கு அது குறைவு. போதாக்குறைக்குக் கைகளும் குட்டை. நீளக் கைக்காரர் முதலில் எதிராளியின் நெஞ்சைத் தொட்டுவிடுவார். முதலில் தொடுபவர் சொன்னபடி மற்றவர் நகர வேண்டியதுதான். குட்டைக் கைக்காரர் பிழைக்க ஒரே வழி, எதிராளியைவிடத் தாழ்ந்து, கால் மாற்றி, கோணம் பார்த்து நிற்பது. எதிராளி என்ன செய்வார் என்று அரை நொடி முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் அளக்க நாடா கிடையாது.

பிட்ஸ்பர்கில் கிடைத்தது பிராக்டிஸ் ஸ்குவாட் இடம். அந்த வாரத்து எதிரணி போல நடித்து, சொந்த அணியின் முதல்நிலை ஆட்களிடம் தினமும் இடிபடுவதுதான் அங்கே வேலை. அப்போது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சீருடை கிடையாது. ஸ்டீலர்ஸ் தற்காப்பின் நடுவில் அப்போது நின்றவர் கேசி ஹாம்ப்டன் என்ற மலை. அந்த ஆண்டு 53 பேர் பட்டியலில் இருந்த புதுமுகத்துக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 3,10,000 டாலர். பிராக்டிஸ் ஸ்குவாட்டுக்கு வாரக்கூலி, அதுவும் எந்த வாரமும் நின்றுபோகலாம். 2010-ல் ஸ்டீலர்ஸ் தன் முதல் சுற்றுத் தேர்வில் மார்கீஸ் பவுன்சி என்ற சென்டரையே எடுத்தது. ஷிப்லி அதற்குள் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போயிருந்தார். அங்கும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அடுத்தவர் காயம், தனக்கு வேலை

தேர்வாகி மூன்று வருடம் கழித்து, 2012-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்காகத்தான் முதல் ஆட்டம். பிட்ஸ்பர்கில் தாக்குதல் பிரிவுப் பயிற்சியாளராக இருந்த புரூஸ் ஏரியன்ஸ் அந்த ஆண்டு அங்கே வந்திருந்தார். சென்டர் சாம்சன் சடேலி காயமடைய, ஷிப்லி உள்ளே வந்தார்.

அடுத்த வருடம் ஏரியன்ஸ் அரிசோனாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். ஷிப்லியை பால்டிமோருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அங்கே மேட் பர்க் ஓய்வுபெற்றதால் சென்டர் இடம் காலி. அது இன்னொருவருக்குப் போயிற்று. ஆனால் இடது கார்டு கெலச்சி ஒசமேலி முதுகுவலியால் விழுந்ததும், ஷிப்லி அந்த இடத்தில் இறங்கினார். 2014 வெட்டு நாளில் பால்டிமோர் கழற்றிவிட்டது. சென்டர் இல்லாமல் தவித்த கோல்ட்ஸ் உடனே கூப்பிட்டுக்கொண்டது.

இந்தப் பிழைப்பின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் ஆட்ட நாளன்று பெரும்பாலான அணிகள் ஏழு முன்வரிசை ஆட்களுக்குத்தான் சீருடை கொடுக்கும். ஐந்து பேர் ஆட, இரண்டு பேர் வெளியே. உட்பக்கத்து மூன்று இடங்களுக்கும் சேர்த்து ஒரே மாற்று ஆள். சென்டர் மட்டும் தெரிந்தவனுக்கு வேலை இல்லை. சென்டர், இடது கார்டு, வலது கார்டு மூன்றும் தெரிந்தவனைக் கழற்றிவிடப் பயிற்சியாளர் இரண்டு முறை யோசிப்பார். வாரம் முழுக்க ஒத்திகை முதல்நிலை ஆட்களுக்கே போகும். மாற்று ஆள் வேடிக்கை பார்த்தே மூன்று வேடத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

30 வயதில் நிரந்தர இடம்

2015-ல் ஏரியன்ஸின் அரிசோனா கார்டினல்ஸ் அழைத்தது. முதல் வருடம் மாற்று ஆள். 2016-ல், பலர் மூட்டைகட்டும் 30 வயதில், ஷிப்லி நிரந்தர சென்டர் ஆனார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் 16 ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்தே ஆடினார். 2018 முகாமில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசனே போயிற்று. அவர் இடத்தில் மேசன் கோல் என்ற புதுமுகம் ஆடினார். 2019-ல் 33 வயதில் கோலிடமிருந்து இடத்தைத் திரும்பப் பிடித்தார் ஷிப்லி. அந்த வருடம் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான கைலர் மர்ரிக்குப் பந்தைக் கொடுத்தது அவர்தான்.

அனுபவசாலிகளுக்கு விதிகளே பாதி எதிரி. வருடம் கூடக் கூடக் குறைந்தபட்சச் சம்பளம் கூடும். 2020-ல் புதுமுகத்துக்கு 6,10,000 டாலர் என்றால், ஏழு வருடம் முடித்தவருக்கு 10,50,000. கிட்டத்தட்ட இரண்டு இளைஞர்களை வைத்துக்கொள்ளும் பணத்தில் ஒரு பெரியவர் எதற்கு என்ற கணக்கு வரும். அதனால்தான் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ளும் மூத்தவர்களின் செலவை, அணியின் சம்பள வரம்பில் குறைத்துக் காட்டத் தனிச் சலுகை வைத்திருக்கிறார்கள்.

கடைசி ஆட்டம்

2020-ல் டாம்பா பே. தலைமைப் பயிற்சியாளர் ஏரியன்ஸ், குவாட்டர்பேக் டாம் பிரேடி. இடது கார்டு அலி மார்பெட் தலையில் அடிபட்டு வெளியே போக, சென்டர் ரயன் ஜென்சன் அந்தப் பக்கம் நகர்ந்தார். ஷிப்லி நடுவே வந்தார். நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியோடு ஆடியபோது கழுத்தில் அடி. ஸ்கேன் முடிவுக்குப் பிறகு இனி ஆடவே கூடாது என்றாகிவிட்டது. ஏரியன்ஸ் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சியாளர் குழுவில் சேர்த்துக்கொண்டார். 2021 பிப்ரவரி 7 அன்று டாம்பா 31–9 என்று கான்சஸ் சிட்டியை வென்று, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைத் தூக்கியபோது, ஷிப்லி அணியின் உதவிப் பயிற்சியாளர். இப்போது இண்டியானாபொலிஸ் நாட்களின் சக ஆட்டக்காரர் பேட் மெக்காஃபியின் நிகழ்ச்சியில் முன்வரிசையின் நுணுக்கங்களை விளக்குகிறார்.

ஓடுபவருக்கு கஜக் கணக்கு உண்டு, பிடிப்பவருக்கு எண்ணிக்கை உண்டு. முன்வரிசை ஆளுக்கு அப்படி எதுவும் கிடையாது. தவறு செய்தால்தான் ஒலிபெருக்கியில் அவர் எண் வரும். ஆனால் புகழ் வேறு, தொழிலில் பெயர் வேறு. அந்த 12 வருடத்தில் ஏரியன்ஸ் என்ற ஒரே பயிற்சியாளர் வேலைபார்த்த நான்கு ஊர்களிலும் ஷிப்லிக்கு இடம் இருந்தது. அவரைப் பற்றிய ஒரே நம்பகமான புள்ளிவிவரம் இதுதான். ஒவ்வொரு நாளும் அவர் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதிய கணக்கு அது.