ஆள் எங்கே இருக்கு? – பெண்கள் குழாம் ஒன்றைக் கட்டிய அவுஸ்திரேலியாவும் நெடுங்கேணியின் கேள்வியும்

நெடுங்கேணி போன்ற ஊரில் ஒரு பெண்பிள்ளையின் விளையாட்டு 19 வயதோடு முடிந்துவிடுகிறது. பாடசாலையில் வலைப்பந்து, எல்லே, கரப்பந்து எல்லாம் விளையாடுவாள். வலயத்தில் வென்று மாகாணப் போட்டிக்கும் போய்வருவாள். உயர்தரப் பரீட்சை எழுதி முடிந்ததும் சப்பாத்து மூலைக்குப் போய்விடும். அவளோடு படித்த பெடியங்களுக்கு ஊரில் கழகம் இருக்கிறது, பின்னேரத்தில் மைதானம் இருக்கிறது. அவளுக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ் இருக்கிறது, அல்லது கலியாணப் பேச்சு இருக்கிறது.

"பெண்கள் அணி ஒன்றைத் தொடங்கலாமே" என்றால் உடனே வரும் பதில், "ஆள் எங்கே இருக்கு?" என்பதுதான். இதே கேள்வி அவுஸ்திரேலியாவிலும் எழுந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடை எங்களுக்கும் உதவும்.

எங்கள் உறவுகள் பலர் வாழும் மெல்பேர்ண் நகரில் 'ஃபுட்டி' என்றால் அது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தை நீள்வட்ட மைதானத்தில் காலால் உதைத்தும் கைமுட்டியால் குத்தியும் நகர்த்துவார்கள். இரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக் கம்பங்களுக்கு இடையால் உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. ஆண்கள் அணியில் 18 பேர், பெண்கள் லீக்கில் 16 பேர் களத்தில் நிற்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாடே பார்த்த இந்த விளையாட்டில் பெண்களுக்கான தேசிய லீக் 2017இல்தான் தொடங்கியது.

தடுக்கப்பட்ட சிறுமி

விக்ரோறியா மாநிலத்தில் பெண்பிள்ளைகள் சிறுவயதில் பெடியங்களோடு சேர்ந்து விளையாடலாம். பதின்ம வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதை எதிர்த்து மூன்று சிறுமிகள் சட்டத்தின் முன் போனார்கள். 2004இல் வந்த தீர்ப்பு அவர்களுக்கு முழு வெற்றியாக அமையவில்லை. 14 வயதுக்கு மேல் தடுப்பது சட்டப்படி சரி என்றே முடிந்தது. ஆனால் அந்த வழக்கு எழுப்பிய சத்தத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று தனி இளையோர் போட்டி தொடங்கப்பட்டது. வழக்குப் போட்ட மூவரில் ஒருவரான பென்னி கூலா-ரீட், 2017இல் கொலிங்வூட் அணியின் முதலாவது பெண்கள் குழாமில் இடம்பிடித்தார்.

அதற்கு முன்பும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1981இலேயே நான்கு அணிகளோடு விக்ரோறியாவில் பெண்கள் லீக் ஒன்றை அமைத்துத் தங்கள் சொந்தச் செலவில் விளையாடி வந்தார்கள். 2013இல் பெரிய கழகங்களின் பெயரில் கண்காட்சிப் போட்டிகள் தொடங்கின. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதலாவது லீக் போட்டிக்கு 24,568 பேர் வந்து, மைதானம் நிரம்பிக் கதவை மூடவேண்டியதாயிற்று.

27 பேரை எப்படிச் சேர்த்தார்கள்?

முதல் ஆண்டில் 8 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 27 வீராங்கனைகள். ஒவ்வொரு கழகத்துக்கும் முதலில் இரண்டு முன்னணி வீராங்கனைகள் ஒதுக்கப்பட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வருவார்கள், இரசிகர்களும் வருவார்கள் என்பது கணக்கு. பெரும்பாலானோரைக் கழகங்கள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிவுசெய்தன. இதனால் பணக்காரக் கழகம் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போக முடியவில்லை.

இன்னொரு வாசலும் திறந்து வைக்கப்பட்டது. கடந்த மூன்று ஆண்டுகளாக இந்த விளையாட்டை விளையாடாதவர்களையும், அதாவது வேறு விளையாட்டுக்காரரையும், புதுமுகங்களாகச் சேர்க்கலாம். அந்த வாசலால் வந்தவர் எரின் பிலிப்ஸ். சிறுவயதில் பெடியங்களோடு ஃபுட்டி விளையாடி, 13 வயதில் நிறுத்தவேண்டி வந்ததால் கூடைப்பந்தாட்டத்துக்குப் போனவர். அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் இரண்டு முறை சம்பியன் அணியில் ஆடியவர். 31 வயதில், இரட்டைக் குழந்தைகளின் தாயாகத் திரும்பி வந்து அடிலெயிட் அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டு அடிலெயிட் கிண்ணம் வென்றது. லீக்கின் அதிசிறந்த வீராங்கனையும் அவரே.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் அகெச் மகுர் சுவொட். தென் சூடானில் பிறந்து, போரால் இடம்பெயர்ந்து, கென்யாவின் ககுமா அகதி முகாமில் வளர்ந்து, 2005இல் பேர்த் நகருக்கு வந்தவர். பிறிமான்டில் அணி அவரைத் தெரிவுசெய்தது. அந்த லீக்கில் ஆடிய முதலாவது ஆபிரிக்கப் பெண் அவர். முகாமில் வளர்ந்த ஒரு பிள்ளையின் பெயரும் தேசிய லீக்கின் பட்டியலில் வந்தது.

இதையெல்லாம் பெரும் சம்பளத்துக்காகச் செய்தார்கள் என்று நினைக்கவேண்டாம். முதல் பருவத்தில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது 8,500 டொலர். அது அந்த நாட்டில் ஒருவர் வாழப் போதாது. மெல்பேர்ண் அணித்தலைவி டெய்சி பியர்ஸ் மருத்துவமாது. எல்லோரும் வேலை முடித்து மாலையில்தான் பயிற்சிக்கு வந்தார்கள்.

ஒரு பிழையையும் கவனிக்கவேண்டும். 2019இல் புதிதாக வந்த நோர்த் மெல்பேர்ண், மற்ற அணிகளின் பெயர்பெற்ற வீராங்கனைகளை இழுத்துக்கொண்டு பலமாகத் தொடங்கியது. பலரை இழந்த கொலிங்வூட் அந்தப் பருவத்தில் ஒரேயொரு போட்டியில்தான் வென்றது. அடியில் புதியவர்களை வளர்க்காமல் அணிகளை மட்டும் கூட்டினால், ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து இன்னொரு வீட்டை மேய்வதாகவே முடியும்.

நெடுங்கேணிக்கு என்ன?

நெடுங்கேணியில் முட்டைப் பந்தை உருட்டவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பந்தானாலும் குழாம் கட்டும் வழி ஒன்றுதான்.

முதலில், ஆளை அந்த விளையாட்டுக்குள் மட்டும் தேடக்கூடாது. உதைபந்தாட்ட அணி ஒன்று கட்டுவதென்றால் பாடசாலையில் வலைப்பந்தில் பாய்ந்து பிடித்தவள் கோல் காப்பாள். 400 மீற்றர் ஓடியவள் நடுக்களத்தில் நிற்பாள். எல்லேயில் தூரத்திலிருந்து குறிபார்த்து எறிந்தவளுக்கு இடத்தைக் கணிக்கத் தெரியும். கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் பாடசாலைப் போட்டிப் பதிவேட்டைத் திறந்தால் முதல் பட்டியல் கிடைத்துவிடும்.

இரண்டாவது, கலியாணம் முடித்தவர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் பட்டியலிலிருந்து வெட்டக்கூடாது. வயதைக் காரணம் சொல்பவர்களுக்கு முல்லைத்தீவிலேயே பதில் இருக்கிறது. 2023இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் தங்கம் வென்ற அகிலத்திருநாயகி அம்மா எங்கள் மண்ணின் மனுசி.

மூன்றாவது, முன்னுக்கு நிற்க ஓரிருவர் வேண்டும். வடக்கில் அதற்கு முன்மாதிரிகள் உண்டு. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் பெயர் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்து அணிக்கு 2018இல் ஆசியக் கிண்ணம் வென்று கொடுத்தவர்களில் ஒருவர், அவுஸ்திரேலியாவிலும் ஆடியவர்.

கடைசியாக, வீட்டின் நம்பிக்கை. போரும் முகாமும் கண்ட ஊரில் பொழுதுபட்ட பிறகு பெண்பிள்ளை வெளியில் நிற்பதற்குத் தாய் பயப்படுவது நியாயம். அதை அறிவுரையால் தீர்க்க முடியாது. பயிற்சி நேரத்தை பஸ் நேரத்துக்கு ஏற்ப வைத்து, பெண் பயிற்றுவிப்பாளர் ஒருவரை அமர்த்தி, பிள்ளைகளை வீட்டுப் படலை வரை கொண்டுபோய் விட ஆள் வைத்தால்தான் தீரும். மைதானத்துக்கு ஒரு மின்விளக்கு, உடை மாற்ற ஓர் அறை, கழிவறை: புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கிண்ணத்துக்கும் மேடைக்கும் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இதற்குப் போனால் போதும்.

1981இல் விக்ரோறியாவில் நான்கு அணிகள்தான் இருந்தன. நெடுங்கேணியிலும் அயலிலுள்ள ஒட்டுசுட்டான், புளியங்குளம், கனகராயன்குளத்திலும் ஒவ்வோர் அணி வந்தால் எங்களுக்கும் நான்கு. ஞாயிறு பின்னேரங்களில் அவர்கள் மாறிமாறி விளையாடத் தொடங்கினால், அடுத்த உயர்தரம் எழுதும் பிள்ளை சப்பாத்தை மூலையில் போடவேண்டியதில்லை.