பஸ்ஸிலிருந்து இருப்புப்பாதைக்கு

ஒரு தொழில் எவ்வாறு வளர்கிறது என்று கேட்டால், முதலாளியின் முயற்சி, தொழிலாளியின் உழைப்பு, வாடிக்கைக்காரரின் ஆதரவு என்று மூன்று காரணங்களைச் சொல்வது வழக்கம். மூன்றும் உண்மையே. ஆயினும் நான்காவது காரணம் ஒன்று உண்டு. அது நாட்டின் சட்டம். சட்டம் ஒரு கதவைத் திறந்தால் தொழில் உள்ளே நுழைகிறது. அக்கதவைச் சாத்தினால் எத்துணைப் பெரிய தொழிலும் வெளியே நிற்க வேண்டியதுதான். இவ்வுண்மையை விளக்குவதற்கு, பிரிட்டனில் தோன்றி வளர்ந்த ஒரு தனியார் போக்குவரத்துக் கம்பெனியின் வரலாற்றை மாணவ நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அதன் பெயர் ஸ்டேஜ்கோச்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். மோட்டாரும் ரயிலும் தோன்றுவதற்கு முன், பிரிட்டனில் குதிரை வண்டிகளே ஊர்விட்டு ஊருக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றன. குறிப்பிட்ட தூரம் ஓடியதும் களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் புதிய குதிரைகளைப் பூட்டுவார்கள். அவ்வாறு ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடைப்பட்ட தூரமே ‘ஸ்டேஜ்’ எனப்பட்டது. நம் ஊர்ப் பஸ்ஸில் கண்டக்டர் கட்டணம் கணக்கிடுகையில் சொல்லும் ‘ஸ்டேஜ்’ என்பதும் அச்சொல்லேதான். பழைய குதிரை வண்டியின் பெயரைப் புதிய பஸ் கம்பெனி சூட்டிக்கொண்டது.

இக்கம்பெனி பிறந்த காலத்து நிலைமையை முதலில் அறிந்துகொள்வது நலம். 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பிரிட்டனில் பஸ் விட விரும்பியவர் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் உரிமம் பெற வேண்டும். ஏற்கெனவே ஒருவர் நன்கு நடத்திவரும் தடத்தில் மற்றொருவர் எளிதில் நுழைய முடியாது. 1948ஆம் ஆண்டு ரயில்வேக்கள் நாட்டுடைமையாயின. 1969 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கத்தின் தேசிய பஸ் கம்பெனி இயங்கியது. ஸ்காட்லாந்திலும் அதுபோன்ற அரசாங்க ஸ்தாபனம் ஒன்று இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் ஒரு குறையும் இருந்தன. கூட்டம் மிகுந்த நகரத் தடத்தில் கிடைத்த லாபம், கூட்டமில்லாத கிராமத் தடத்தின் நஷ்டத்தை ஈடுசெய்தது. நான்கு பேர் மட்டுமே ஏறும் மாலைநேர பஸ்ஸும் ஓடியது. இது நன்மை. போட்டி இல்லாமையால் செலவைக் குறைக்கவும் பிரயாணியின் மனத்தைக் கவரவும் தூண்டுதல் குறைந்தது. மோட்டார்க் கார்கள் பெருகப் பெருக, பஸ்ஸில் ஏறுவோர் குறைந்தனர். அரசாங்கம் தரவேண்டிய மானியம் ஏறிற்று. இது குறை.

1980ஆம் ஆண்டில் முதற் கதவு திறந்தது. நெடுந்தூரப் பஸ்களுக்கு உரிமக் கட்டுப்பாட்டை நீக்கிய புதிய சட்டம் அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் டண்டீ நகரிலிருந்து லண்டனுக்குப் பஸ் விடத் தொடங்கியது. பிரையன் சூட்டர், அவருடைய தமக்கை ஆன் கிளோக், ஆனின் கணவர் ராபின் கிளோக் ஆகிய மூவருமே இதனைத் தொடங்கியவர்கள். சூட்டரின் தந்தையார் பஸ் ஓட்டுநர். சூட்டர் கணக்குத் தணிக்கைத் தொழில் பயின்றவர். பஸ் கண்டக்டராகவும் வேலை பார்த்தவர். ஆன் மருத்துவமனைத் தாதி. தந்தையார் வேலையிலிருந்து நீங்கியபோது கிடைத்த பணமே தொழிலின் முதலீட்டுக்கு உதவியது. பழைய வண்டிகள், குறைந்த கட்டணம், வழியில் பிரயாணிகளுக்குத் தேநீரும் சிற்றுண்டியும் என்பனவே அவர்கள் கையாண்ட முறை.

இந்த அளவோடு நின்றிருந்தால், ஊருக்குப் பத்துக் கம்பெனிகளில் ஒன்றாகவே அது இருந்திருக்கும். பெரிய கதவு பின்னர்த்தான் திறந்தது. 1985ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், 1986 அக்டோபர் 26ஆம் நாள் முதல், லண்டனுக்கு வெளியே உள்ளூர் பஸ்களுக்கும் கட்டுப்பாட்டை நீக்கியது. தகுதியுள்ள எவரும் 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தத் தடத்திலும் பஸ் விடலாம். கட்டணத்தையும் தாமே குறிக்கலாம். லாபமில்லாத் தடம் வேண்டுமென்று கருதும் உள்ளாட்சி மன்றம், ஒப்பந்தப் புள்ளி கோரி, தன் பணத்தைக் கொடுத்து நடத்திக்கொள்ள வேண்டும். அச்சட்டமே தேசிய பஸ் கம்பெனியையும் எழுபதுக்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து விற்க வழிசெய்தது.

ஸ்டேஜ்கோச் 1987ஆம் ஆண்டில் அப்பகுதிகளுள் மூன்றை வாங்கியது: தெற்கே ஹாம்ப்ஷயர் பஸ், வடமேற்கே கம்பர்லண்ட், நடுநாட்டில் யுனைடெட் கவுண்டீஸ். இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பஸ் கம்பெனி என்றால் பஸ்கள் மட்டுமல்ல. நகரத்தின் நடுவே பஸ் நிலையமும் பணிமனையும் நிற்கும் நிலமும் அதன் சொத்தே. சௌதாம்ப்டன் நகரின் பஸ் நிலையத்தை விற்று, ஹாம்ப்ஷயர் பஸ்ஸை வாங்கிய விலையினும் மிகுந்த தொகையை ஸ்டேஜ்கோச் பெற்றது. பல்லாண்டுகளாகப் பொதுமக்களின் உடைமையாய் இருந்த நிலம், ஒரு தனியார் கம்பெனியின் அடுத்த விரிவுக்கு முதலாயிற்று. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் விற்றவர் நிலத்தின் மதிப்பைச் சரியாக நிறுத்துப் பார்த்தாரா என்ற கேள்வி எஞ்சுகிறது.

1989ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் மலாவியிலும், 1991ஆம் ஆண்டில் கென்யாவிலும் ஸ்டேஜ்கோச் கால் வைத்தது. அதே 1991இல் ஸ்காட்லாந்தின் அரசாங்க பஸ்களுள் இரு பிரிவுகளையும் வாங்கிக்கொண்டது. 1993ஆம் ஆண்டில் லண்டன் பங்குச் சந்தையில் தன் பங்குகளை விற்பனைக்கு வைத்தது. பிறர் பணம் வந்து சேர்ந்ததும், வாங்கும் வேகம் மேலும் கூடிற்று.

போட்டி என்பது எப்போதும் பிரயாணிக்கு நன்மை செய்யுமா? டார்லிங்டன் என்னும் நகரத்தில் 1994ஆம் ஆண்டில் நடந்தது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்நகராட்சி தன் பஸ் கம்பெனியை விற்க முன்வந்தது. ஸ்டேஜ்கோச்சும் கேட்டது, வேறொரு கம்பெனியின் விலை மேலாக இருந்தது. உடனே ஸ்டேஜ்கோச்சின் கிளை ஒன்று, நகராட்சி பஸ்ஸின் ஓட்டுநர்களைத் தனித்தொகை கொடுத்துத் தன்பால் இழுத்துக்கொண்டு, அதே தடங்களில் கட்டணமே இல்லாமல் பஸ்களை ஓடவிட்டது. இலவச பஸ் இருக்கக் காசு கொடுத்து ஏறுவார் யார்? விலைபேசிய கம்பெனி பின்வாங்கியது. நகராட்சியின் பஸ் கம்பெனி நொடிந்து விழுந்தது. அரசாங்கத்தின் ஏகபோக விசாரணைக் குழு 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், இச்செயல் பொதுநலனுக்கு மாறானது என்று கடுமையாகக் கண்டித்தது. ஆனால் அறிக்கை வந்தபோது நகராட்சி பஸ் மறைந்து மாதங்கள் பல ஆகிவிட்டன. சில வாரம் இலவசமாகப் பயணம் செய்த நகரத்தார், தங்களுக்கென இருந்த பஸ் கம்பெனியை இழந்தனர்.

அடுத்த கதவு இருப்புப்பாதையில் திறந்தது. 1993ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டம், ஒரே உடலாக இருந்த ரயில்வேயை மூன்றாகப் பிரித்தது. தண்டவாளமும் நிலையங்களும் ஒரு கம்பெனிக்கு. வண்டிகள் வேறு மூன்று கம்பெனிகளுக்கு. ரயிலை ஓட்டும் உரிமை மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகையாக, இருபத்தைந்து கம்பெனிகளுக்கு. குத்தகைதாரர் வண்டியை வாடகைக்கு எடுப்பார்; தண்டவாளத்துக்குக் கட்டணம் செலுத்துவார்; டிக்கெட்டு விற்பார். ஆகவே, ஓர் அடி தண்டவாளமும் போடாத பஸ் கம்பெனியும் ரயில் நடத்தலாம் என்றாயிற்று. 1996 பிப்ரவரி 4ஆம் நாள் விடியற்காலை 5 மணி 10 நிமிடத்துக்கு ட்விக்கன்ஹாம் நிலையத்திலிருந்து லண்டன் வாட்டர்லூவுக்குப் புறப்பட்ட ரயில், புதிய ஏற்பாட்டின்படி தனியார் நடத்திய முதல் ரயில் எனப் பெயர் பெற்றது. அதை நடத்திய தென்மேற்கு ரயில் சேவை ஸ்டேஜ்கோச்சினுடையது.

பஸ் தொழிலில் பழகிய சிக்கனத்தை ரயிலிலும் கையாள முயன்றபோது ஓர் இடர் நேர்ந்தது. 1997ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 70 ரயில் ஓட்டுநர்களை ஈட்டுத்தொகை கொடுத்து விலகச் செய்தனர். பஸ் ஓட்டுநர் குறைந்தால் வேறொருவரைச் சில வாரங்களில் பயிற்றிவிடலாம். ரயில் ஓட்டுநரோ, ஒவ்வொரு பாதையின் கைகாட்டியையும் வளைவையும் நெஞ்சில் பதித்த பின்னரே வண்டியைத் தொடலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நாள்தோறும் ரயில்கள் ரத்தாயின. பெருந்தொகை அபராதம் விதிக்கப்படும் என்று அரசாங்கத்தின் மேற்பார்வை அலுவலகம் எச்சரித்தது. இரண்டும் போக்குவரத்தே ஆயினும், பஸ் வேறு, ரயில் வேறு என்பதற்கு இது சான்று.

இருப்பினும் வளர்ச்சி நிற்கவில்லை. 1996ஆம் ஆண்டில் ரயில் பெட்டிகளை வாடகைக்கு விடும் போர்ட்டர்புரூக் கம்பெனியை 825 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. 2000ஆம் ஆண்டில் விற்றுவிட்டது. 1998இல் வெர்ஜின் ரயில் குழுமத்தில் நூற்றுக்கு 49 பங்கு பெற்றது. 1999இல் அமெரிக்காவின் கோச் யூஎஸ்ஏ கம்பெனியையும் ஹாங்காங்கின் சிட்டிபஸ் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டது. 2003இல் ‘மெகாபஸ்’ என்னும் நெடுந்தூரச் சேவையைத் தொடங்கி, முன்கூட்டிப் பதிவு செய்வோருக்கு ஒரு பவுண்டுக்கும் இருக்கை தந்தது. கையில் காசு குறைந்த மாணவர்கள் பலர் அதனால் ஊர்கள் பல கண்டனர். இந்நன்மையை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

வாங்குவதும் விற்பதும் இத்தொழிலில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு லண்டன் கணக்கைப் பாருங்கள். தன் லண்டன் பஸ் பிரிவை 2006ஆம் ஆண்டில் 264 மில்லியன் பவுண்டுக்கு விற்ற ஸ்டேஜ்கோச், 2010ஆம் ஆண்டில் அதனையே 53 மில்லியன் பவுண்டுக்குத் திரும்ப வாங்கியது!

லண்டன் என்றதும் ஒரு வேற்றுமையைச் சொல்ல வேண்டும். போட்டியில் இரு வகை உண்டு. சாலையில் நடக்கும் போட்டி ஒன்று; சாலையைப் பெறுவதற்கான போட்டி மற்றொன்று. பிற ஊர்களில் முதல் வகை. ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு கம்பெனி பஸ்கள் முந்திக்கொண்டு வரும்; மாலையில் ஒன்றும் வராது. லண்டனில் இரண்டாம் வகை. தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் பொது அதிகாரியே வகுப்பார். குறைந்த தொகைக்கு நன்றாக ஓட்ட முன்வரும் கம்பெனிக்கு ஒப்பந்தம் கிடைக்கும். 1986க்குப் பின் வந்த ஆண்டுகளில் லண்டனில் பஸ் பிரயாணிகள் பெருகினர். இங்கிலாந்தின் பிற நகரங்கள் பலவற்றில் குறைந்தனர். லண்டனுக்கு மானியமும் மக்கள்தொகையும் மிகுதி என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆயினும் இந்த வேற்றுமை ஆட்சியாளர் கண்ணில் படாமல் போகவில்லை.

பின்னர்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 2017இல் தென்மேற்கு ரயில் குத்தகை வேறு கம்பெனிக்குச் சென்றது. வெர்ஜினுடன் கூடி 2015இல் எடுத்த கிழக்குக் கடற்கரை ரயில் குத்தகையில், எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. ஒப்புக்கொண்ட தொகை தாங்க முடியாததாயிற்று. 2018 ஜூன் 24ஆம் நாள் அந்த ரயில் அரசாங்கத்தின் கைக்குத் திரும்பியது. 2019இல் ஊழியர் ஓய்வூதியப் பொறுப்பைப் பற்றிய வழக்காட்டில் புதிய குத்தகைகளுக்குத் தகுதியற்றதென ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டின் முடிவுக்குள் எஞ்சிய பெரிய ரயில் குத்தகைகளும் முடிந்தன. வட அமெரிக்கத் தொழிலும் அதே ஆண்டில் விற்கப்பட்டது. 2022இல் கம்பெனியையே ஜெர்மனியின் டிடபிள்யூஎஸ் நிறுவனத்தைச் சார்ந்த முதலீட்டு நிதி ஒன்று வாங்கிக்கொண்டது.

2023 செப்டம்பர் முதல் 2025 ஜனவரி வரை மான்செஸ்டர் வட்டாரம், லண்டன் முறையைப் பின்பற்றித் தன் பஸ்கள் அனைத்தையும் பொது ஆட்சியின் கீழ்க் கொணர்ந்தது. அங்கே ஸ்டேஜ்கோச் இன்றும் பஸ் ஓட்டுகிறது. ஆனால் வண்டியின் மேல் பூசிய மஞ்சள் நிறம் அந்த வட்டாரத்தினுடையது. தடமும் கட்டணமும் அதனுடையவை. கம்பெனிக்குக் கிடைப்பது ஓட்டும் கூலி. பிரிட்டனின் பெரிய பஸ் கம்பெனிகளுள் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது; எசமானாக இருந்த ஊரில் ஒப்பந்தக்காரராக இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இதனால் தனியார் தீது, அரசாங்கம் நன்று என்றோ, அதற்கு மாறாகவோ நான் சொல்ல வரவில்லை. சூட்டர் குடும்பத்தின் துணிவும் உழைப்பும் போற்றத்தக்கவை. ஆனால் கூட்டமில்லாத கிராமத்துக்குக் கடைசி பஸ் போக வேண்டுமா, போனால் அதன் செலவை யார் ஏற்பது என்பதைக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் தீர்மானிக்க இயலாது. அது மக்கள் சட்டத்தின் வாயிலாகத் தீர்மானிக்க வேண்டிய செய்தி. பிரிட்டனின் பாராளுமன்றம் 2024ஆம் ஆண்டில் பிரயாணி ரயில்களைப் பொதுவுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. அச்சட்டப்படி 2025 மே 25ஆம் நாள் முதன்முதலாக அரசாங்கத்திடம் திரும்பியது, லண்டன் வாட்டர்லூவிலிருந்து புறப்படும் அதே தென்மேற்கு ரயில் சேவைதான்.