கட்டைவிரல் அளவுக் குஞ்சு ஒரு முழம் வளரும்: கடல் மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்ததும் திருகோணமலைக் கடல் தெளியத் தொடங்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையான மாதங்கள் இங்கு அலங்கார மீன் பிடிப்போரின் காலம். அதே மாதங்களில் தென்மேற்குக் கரை கொந்தளித்துக் கிடப்பதால் அந்தப் பக்கத்துச் சுழியோடிகளும் கிழக்குக்கு வருவதுண்டு. இலங்கையிலிருந்து கடல் அலங்கார மீன்களை ஏற்றுமதி செய்யும் தொழில் 1930களில் தொடங்கியது. பிடிபடுபவற்றில் மிகப் பெரும்பகுதி கொழும்பு வழியாக விமானம் ஏறிவிடுகிறது. மிஞ்சும் சில, உள்ளூர் விடுதிகளின் வரவேற்பறைக்கும் வசதியான வீடுகளின் முன்கூடத்துக்கும் வந்து சேர்கின்றன.

பொலித்தீன் பையில் வருபவை பெரும்பாலும் குஞ்சுகள். அவற்றைப் பிடிப்பதும் அனுப்புவதும் சுலபம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

எம்பரர் ஏஞ்சல் என்று வியாபாரத்தில் அழைக்கப்படும் மீனை எடுத்துக்கொள்வோம். குஞ்சாக இருக்கும்போது கருநீல உடலில் வெள்ளை வளையங்கள், வால்பக்கமாகச் சுழிந்து நிற்கும். வளர்ந்ததும் வளையங்கள் மறைந்து உடலெங்கும் மஞ்சளும் நீலமுமாக நீண்ட கோடுகள் விழும். கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டி ஓடும். இரண்டும் ஒரே மீன் என்று தெரியாத காலத்தில் விஞ்ஞானிகளே குஞ்சுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். நிறத்தோடு அளவும் மாறுகிறது. ஐந்து சென்ரிமீற்றர் குஞ்சு, நன்றாக வளர்ந்தால் 40 சென்ரிமீற்றரை எட்டும். ஏறத்தாழ ஒரு முழம்.

நீளம் எட்டு மடங்குதானே கூடியது என்று நினைக்கலாம். ஆனால் மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. உயரமும் தடிப்பும் சேர்ந்தே கூடுகின்றன. எட்டை மூன்று தடவை பெருக்கினால் 512. அதாவது மூன்று கிராம் குஞ்சு ஒன்றரைக் கிலோ மீனாகிறது. அது தின்பதும் கழிப்பதும் மூச்சுக்கு எடுக்கும் ஒட்சிசனும் அந்த எடையைத் தொடர்ந்தே உயர்கின்றன. “ஒரு அங்குல மீனுக்கு ஒரு கலன் தண்ணீர்” என்று கடைகளில் சொல்லப்படும் கணக்கு, சிறிய நன்னீர் மீன்களை மனதில் வைத்து எழுந்தது. அதன்படி பார்த்தால் 16 அங்குல ஏஞ்சலுக்கு 16 கலன், கிட்டத்தட்ட 60 லீற்றர் போதும்! அவ்வளவு தண்ணீரில் அந்த மீன் திரும்பி நிற்கவே முடியாது.

“தொட்டிக்கு ஏற்ற அளவுக்குத்தான் மீன் வளரும்” என்பது அடுத்த ஆறுதல். வளர்ச்சி குன்றுவது உண்மைதான். ஆனால் அது மீன் இடத்தைப் பார்த்துத் தன்னை அடக்கிக்கொள்வதல்ல. சேர்ந்துபோன கழிவும் இடநெருக்கடியும் நோயும் அதை வளரவிடாமல் தடுக்கின்றன. குன்றிய மீன் பொதுவாக நெடுநாள் வாழ்வதில்லை.

ஆகவே “எத்தனை லீற்றர் தொட்டி?” என்று கேட்பதற்கு முன் “எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்?” என்று கேட்க வேண்டும். ஒரே 500 லீற்றரை நெடுந்தூண் போலவும் நிறுத்தலாம், நீண்ட பெட்டி போலவும் கிடத்தலாம். பக்கவாட்டில் நீந்தும் மீனுக்கு தூணின் உயரத்தால் பயனில்லை. பெரிய மீன் வளர்த்துப் பழகியவர்களின் அனுபவக் கணக்கு ஒன்று உண்டு: வளர்ந்த மீனின் நீளத்தைப்போல ஆறு மடங்கு தொட்டியின் நீளம், இரண்டு மடங்கு அகலம். இது சட்டமல்ல, கைவாக்கான அளவு. 40 சென்ரிமீற்றர் ஏஞ்சலுக்கு 240 சென்ரிமீற்றர் நீளம், 80 அகலம் வருகிறது. உயரம் 60 என்று வைத்தால் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 1,152 லீற்றர். வரவேற்பறையில் வைக்க நினைத்த நான்கடித் தொட்டி (120 × 45 × 50) கொள்வது 270 லீற்றர் மட்டுமே.

அகலத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் தொட்டிகள் சுவரோரம் நிற்கவும் பார்ப்பவருக்கு நீளமாகத் தெரியவும் செய்யப்பட்டவை. அகலத்தில்தான் சிக்கனம் பிடிப்பார்கள். மீன் திரும்புவது அகலத்தில். அகலம் போதாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் மூக்கும் செட்டையும் கண்ணாடியில் உரசும். அந்தப் புண்ணில் தொற்று ஏறும்.

உயரத்தைக் கூட்டினால் கண்ணாடிக்குத்தான் கேடு. தொட்டியின் அடியில் நீர் தரும் அழுத்தம் உயரத்தை மட்டுமே பொறுத்தது. நீளத்துக்கு அதில் பங்கில்லை. உயரத்தை இரட்டித்தால் அடி அழுத்தம் இரட்டிக்கும், முழுக் கண்ணாடி தாங்கவேண்டிய விசை நான்கு மடங்காகும். பேர்லின் நகர விடுதி ஒன்றின் கூடத்தில் நின்ற, சுமார் 10 இலட்சம் லீற்றர் கொண்ட நெடிய உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை இறந்தன. அங்கே கண்ணாடியல்ல, தடித்த அக்ரிலிக்.

எடையையும் பார்த்துவிடுவோம். கடல்நீர் ஒரு லீற்றர் 1.025 கிலோ. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டியில் தண்ணீர் மட்டுமே 660 கிலோவைத் தாண்டும். 12 மில்லிமீற்றர் கண்ணாடி, கல், மணல், தாங்கி எல்லாம் சேர்த்தால் 900 கிலோ வரும். இத்தனையும் ஒரு சதுர மீற்றர் சொச்சத்தில் இறங்குகிறது. சாதாரண வீட்டின் மேல்தளம் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரை தாங்கும்படிதான் கட்டப்படுகிறது. மாடியில் வைக்க விரும்புபவர் மீன்காரரிடம் போவதற்கு முன் கட்டடப் பொறியியலாளரிடம் போவது நல்லது.

இனி மூச்சு. வெப்பமான உப்புநீர் ஒட்சிசனைக் குறைவாகவே கரைத்து வைத்திருக்கும். 28 பாகை கடல்நீரில் லீற்றருக்கு ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேல்; அதே வெப்பத்தில் நன்னீரில் ஏழரைக்கு மேல். ஒன்றரைக் கிலோ மீன் சும்மா மிதந்தாலும் மணிக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் போய் பம்பி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 270 லீற்றர் தொட்டியில் இருந்த ஒட்சிசனின் பாதி மூன்று மணிநேரத்துக்குள் தீர்ந்துவிடும். 1,152 லீற்றரில் அதற்குப் பதினொரு மணிநேரம் பிடிக்கும். நீர்ப்பரப்பு வழியாகக் கொஞ்சம் திரும்ப ஏறும், பக்ரீரியாக்கள் கொஞ்சம் குடிக்கும் என்பதால் இது தோராயக் கணக்கே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலானதை மறந்திருக்க மாட்டோம். பற்றரியில் ஓடும் காற்றுப்பம்பி இல்லாமல் எந்தக் கடல்நீர்த் தொட்டியும் இந்த நாட்டுக்குப் பாதுகாப்பானதல்ல. சிறியது இன்னும் மோசம்.

உப்பும் அப்படித்தான். நூறு லீற்றர் தொட்டியில் வெயில் நாட்களில் ஐந்து லீற்றர் ஆவியாகிப்போனால் உப்பளவு 35இலிருந்து 37ஐ நெருங்கும். ஆயிரம் லீற்றரில் அதே ஐந்து லீற்றர் மீனுக்குத் தெரியவே தெரியாது. அமோனியாவோ கடல்நீரின் காரத்தன்மையில் நன்னீரைவிடப் பல மடங்கு நச்சாகிறது. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, தண்ணீரை அள்ளி மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தெளிந்த மாதங்களில் நிலாவெளிப் பக்கம் அள்ளலாம்தான். மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கும்போது அங்கே அள்ளும் நீரின் உப்பை அளக்காமல் ஊற்றக்கூடாது. கப்பல்கள் நிற்கும் உள்துறைமுகத்து நீரை எந்த மாதத்திலும் நான் ஊற்றமாட்டேன்.

எல்லா மீனுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. களவாயும் அஞ்சாலையும் பாறை இடுக்கில் பதுங்கிக் கிடப்பவை. நீளத்துக்கு ஏற்ற நீச்சல் தூரம் அவற்றுக்குத் தேவையில்லை, ஆனால் இரை தின்றபின் கழிக்கும் கழிவு அதிகம், வடிகட்டி பெரிதாக இருக்கவேண்டும். பவுடர் புளூ எனப்படும் வெளிர்நீல மீன் ஒரு சாணுக்குச் சற்று மேல்தான் வரும். ஆனால் நாள் முழுவதும் பாறைமேல் மேய்ந்து ஓடும், தன் இனத்தைக் கண்டால் துரத்தும். ஆறு மடங்குக் கணக்கில் அதற்கு நான்கைந்து அடி போதும் என்று வரும். ஆறடிக்குக் குறைந்தால் அது அமைதியாக இராது என்பதே வளர்த்தவர்களின் அனுபவம். முட்டைக் குழியைக் காக்கும்போது சுழியோடிகளையே கடிக்கப் பாயும் பெரிய கிளாத்தி 75 சென்ரிமீற்றர் வரை வளரும். மஞ்சளும் கறுப்புமாக அழகாக விற்கப்படும் ராட்சதக் களவாய்க் குஞ்சு இரண்டரை மீற்றரைத் தாண்டக்கூடியது. இந்த இரண்டுக்கும் வீட்டுத் தொட்டி என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

சுறாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நிலாவெளிக்கு எதிரே புறாமலைத்தீவுக்குப் போய்வருபவர்கள் ஆசைப்படுவது அதற்குத்தான். முழங்கால் ஆழத்தில் செட்டை நுனி கறுத்த சுறாக் குட்டிகள் சுற்றுவதை அங்கே காணலாம். பிறக்கும்போதே அரை மீற்றர் வரை இருக்கும். வளர்ந்தால் ஒன்றரை மீற்றரைத் தாண்டும். இந்தச் சுறா நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் நீர் பாய்ந்து மூச்சு விடமுடியும். அதுவும் வாலை ஓரிரு முறை அசைத்துவிட்டு வழுக்கிச் செல்லும் நீச்சல். மூலைகள் உள்ள தொட்டியில் வழுக்குவதற்கு முன்பே சுவர் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் நின்று, திரும்பி, மறுபடி உந்தவேண்டும். சுறா களைத்துப்போகும். ஆறு மடங்குக் கணக்கைப் போட்டாலே ஒன்பது மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம் வருகிறது. பசிபிக்கிலுள்ள பல்மைரா பவளத்தீவில் இவ்வினச் சுறாக்களைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைச் சதுர கிலோமீற்றருக்குள் சுற்றுவதாகக் கண்டார்கள்.

பெரும் பணம் இருந்தால் தீர்ந்துவிடுமா? யப்பானின் ஒகினாவாவில் சுராஉமி காட்சியகத்தின் பெரிய தொட்டி 35 மீற்றர் நீளம், 27 அகலம், 10 ஆழம். 75 இலட்சம் லீற்றர். 1995 முதல் அந்தக் காட்சியகம் வளர்த்த ஆண் திமிங்கிலச் சுறா எட்டு மீற்றரைத் தாண்டியது. வகுத்துப் பாருங்கள், நான்கு மடங்குக்குச் சற்று மேல்தான் இடம். கலிபோர்னியாவின் மொன்ரரே வளைகுடாக் காட்சியகம் 2004இல் வைத்த வெள்ளைச் சுறாக் குட்டி 198 நாட்கள் இருந்தது. உடனிருந்த வேறு சுறாக்களை அது கொன்றதும் கடலில் விட்டார்கள்.

புறாமலைத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் எல்லைக்குள்ளிருக்கும் 471 ஹெக்டேயரில் மீனையோ முருகைக்கல்லையோ எடுப்பது குற்றம். எல்லைக்கு வெளியேயும் மீன்பிடியை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. முருகைக்கல்லை நொறுக்கும் மொக்சி வலைக்கு அதன் கீழ்த் தடை உண்டு. கருஞ்செட்டைச் சுறாவின் சர்வதேச வியாபாரம் 2023 நவம்பர் முதல் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. வாங்குபவர் மீன் எங்கே, எதனால் பிடிக்கப்பட்டது என்று கேட்டால் விற்பவருக்குப் பதில் இருக்கவேண்டும்.

தொட்டி போதாமல் போன மீனைத் திரும்பக் கடலில் விட்டுவிடலாம் என்பது இன்னொரு யோசனை. வேறு ஊர் மீன்களோடு தண்ணீரைப் பகிர்ந்த மீன் அவற்றின் நோயையும் சுமந்து போகும். புளோரிடாக் கரையில் 1985இல் முதன்முதலாகக் காணப்பட்ட, நமது கடல்களுக்குரிய சிங்கமீன், தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகவே கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுவதும் அது பரவி அங்குள்ள குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

நான்கடித் தொட்டிதான் வைக்கமுடியும் என்றால் அதற்கேற்ற மீனைத் தேடலாம். கடல் அனிமோன்களோடு வாழும் கோமாளி மீன்கள் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றரைத் தாண்டாதவை. பல இனங்கள் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கப்படுவதால் பாறைக்குப் போகவும் தேவையில்லை.

அப்படியும் ஏஞ்சல்தான் வேண்டும் என்பவர் முற்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 40 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு அட்டையை மீன் வடிவில் வெட்டி, வெறும் தொட்டிக்குள் இறக்கி, மெதுவாகத் திருப்புங்கள். 45 சென்ரிமீற்றர் அகலத்தில் அட்டை குறுக்கே வரும்போது மூக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே இரண்டரைச் சென்ரிமீற்றர், வாலுக்கும் கண்ணாடிக்கும் இடையே இரண்டரை. கல்லும் வடிகட்டியும் இன்னும் உள்ளே வைக்கப்படவில்லை.