டேப் சொல்லும் அளவு, மனசு சொல்லும் அளவு

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிறேன். சைக்காலஜி பட்டம் அஞ்சல் வழியில் வாங்கினேன். சோறு போடுவது தையல்தான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்பார்கள். கையைத் தூக்கச் சொல்லி டேப்பைச் சுற்றினால் போதும், நான் கேட்காமலே பேச்சு வரும். "கை பருமன் தெரியாம முழங்கை வரைக்கும் வெச்சுடுங்கோ." "முதுகுல சதை பிதுங்கறது பாருங்கோ, கழுத்து இறக்கமே வேண்டாம்."

என்னிடம் வரும் இரண்டு பேருக்கு அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் மந்தைவெளிக்காரர், மார்கழியில் ஒரு கச்சேரி விடமாட்டார். துணியைக் கொடுத்து, "அக்குள்ல பிடிக்காம இருந்தா சரி" என்று கிளம்பிவிடுவார். இன்னொருவர் வங்கி அதிகாரி. தைத்ததைப் போட்டுப் பார்ப்பார், பிரிக்கச் சொல்வார், மறுபடி பிடிக்கச் சொல்வார். அவர் கொண்டு வரும் அளவு பிளவுஸ் கல்யாணத்துக்கு முன்னால் தைத்தது. கேஸை அணைத்தோமா, மகளின் ஸ்கூல் வேன் வந்ததா என்று நடுவில் வீட்டுக்கு போனும் போகும். கையைப் பற்றிய கவலை தனியாக வந்ததல்ல. கேஸையும் வேனையும் பற்றிக் கவலைப்படுகிற அதே சுபாவம்தான் கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கை அரை இன்ச் இளைத்தால், கவலை இடுப்புக்குப் போகும்.

இது என் கடைக் கதை மட்டும் இல்லை. மனித சுபாவத்தை ஐந்து பெரிய குணங்களாக அளப்பது உளவியலில் இன்று பரவலான வழக்கம். எளிதில் கலங்குவது, கலகலப்பாகப் பழகுவது, புதியதை விரும்புவது, அனுசரித்துப் போவது, ஒழுங்காகச் செய்வது. அமெரிக்காவின் பால் காஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் 1985-ல் வெளியிட்ட வினாத்தாள் இதில் புகழ்பெற்றது. இந்தக் குணங்களுக்கும் தன் உடம்பைத் தானே பார்க்கும் பார்வைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வந்த ஆய்வுகளை ஆலன், வால்டர் என்ற இருவர் 2016-ல் திரட்டிப் பார்த்தார்கள். எளிதில் கலங்கும் சுபாவம் கூடுதலாக உள்ளவர்களுக்கும், ஒதுங்கி இருப்பவர்களுக்கும் உடம்பின் மேல் அதிருப்தி அதிகம் என்பதே தெளிவாகத் தெரிந்தது. மற்ற குணங்களில் இவ்வளவு தெளிவு இல்லை. எது காரணம், எது விளைவு என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இந்தத் தொடர்பை டிரையல் ரூமில் பார்க்கலாம். கலங்கும் சுபாவம் உள்ளவர் கண்ணாடியில் முழு உருவத்தைப் பார்ப்பதில்லை. நேராகத் தனக்குப் பிடிக்காத இடத்துக்கே கண் போகும். பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிடுவார். பத்து வருஷத்துக்கு முன் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தையை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வார். போன வாரம் நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னது நினைவிருக்காது.

இந்த அதிருப்தியைப் படம் காட்டியும் அளந்திருக்கிறார்கள். 1983-ல் ஸ்டங்கார்டு என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒல்லியிலிருந்து பருமன் வரை ஒன்பது உருவங்களை வரிசையாக வரைந்தார்கள். அந்தப் படங்களை வைத்து 1985-ல் ஃபேலன், ரோசின் என்ற இருவர் கல்லூரி மாணவ மாணவிகளிடம் கேட்டார்கள்: இப்போது நீங்கள் எது, எப்படி இருக்க ஆசை? ஆண்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே படத்தைக் காட்டினார்கள். பெண்கள் காட்டிய ஆசைப் படம் தாங்கள் இருப்பதாகச் சொன்னதைவிட ஒல்லி. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆண்களுக்கு இவ்வளவு ஒல்லியாக இருந்தால்தான் பிடிக்கும் என்று பெண்கள் நினைத்த படம், ஆண்கள் உண்மையில் தேர்ந்தெடுத்ததைவிட ஒல்லியாக இருந்தது! அந்த ஆண்களின் நிம்மதி இப்போது பாண்டி பஜாரில் இல்லை. ஷெர்வானி போட்டுப் பார்க்கும் மாப்பிள்ளைகள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

அனுசரித்துப் போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூச்சு முட்டும் பிளவுஸைக்கூட "பரவாயில்லை, நான்தான் குண்டாயிட்டேன்" என்று வாங்கிப் போகிறவர்கள் அவர்கள். சுமாராகத் தைப்பவர்களின் பிழைப்பு ஓடுவது இவர்களால்தான்.

பழியைச் சுபாவத்தின் மேல் மட்டும் போட்டால் அது அநியாயம். நம் ஊரில் விசாரிப்பதே "என்னடி, இப்படி ஊதிட்டே?" என்றுதான். நிறத்தைக் கேட்கவே வேண்டாம். கடுகு மஞ்சள் துணியை எடுத்து, "எனக்கு எடுபடாது" என்று திருப்பி வைத்தவர்கள் எத்தனையோ பேர். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு, பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்தது 2020-ல்தான். அதற்கு முன்பே, 2009-ல், சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பும் அதன் நிறுவனர் கவிதா இம்மானுவேலும் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். குத்தல் பேச்சு எல்லார் காதிலும்தான் விழுகிறது. யாரிடம் அது தங்கிவிடுகிறது என்பதில்தான் சுபாவம் வேலை செய்கிறது.

வயது கொஞ்சம் உதவும். ஆஸ்திரேலியாவின் மரிகா டிகமன் 2004-ல் எழுதியது எனக்குச் சரியாகவே படுகிறது: வயது ஏறினாலும் பெண்களுக்கு உடம்பின் மேல் உள்ள அதிருப்தி பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் தோற்றத்துக்குக் கொடுக்கும் முக்கியத்துவம் குறைகிறது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடந்துவிட்டு வரும் மாமிகளைப் பார்க்கிறேன். "தொப்பை இருக்கு, இருந்துட்டுப் போறது. முழங்கால் வலிக்காம நடந்தா போறும்."

சிலருக்கு இது கவலையோடு நிற்காது. கண்ணாடி முன் மணிக்கணக்கில் போகும். கல்யாணம் காட்சி என்று வெளியே போவதே நின்றுவிடும். அவர்களுக்குத் தேவை மனநல மருத்துவர். இந்த நிலையில் உள்ளவர்கள் அழகு அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் பெரும்பாலும் திருப்தி வருவதில்லை. மனநல உதவிக்கான டெலி மானஸ் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

கடையில் எனக்குச் சில வழக்கங்கள் உண்டு. அளவைச் சத்தமாகச் சொல்வதில்லை. உள்ளே துணி தாராளமாக விட்டுத் தைப்பேன், பிரிப்பது சுலபம். "நன்னாதானே இருக்கேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பவருக்குத் திரும்பத் திரும்ப ஆமாம் சொல்வதால் கேள்வி ஓய்வதில்லை, இன்னும் கூடும். ஆமாம் சொல்வதைவிட வேறொரு வழி மேல். நெதர்லாந்தில் ஜெசிகா அலேவாவும் சகாக்களும் 2015-ல் ஒரு பயிற்சியைச் சோதித்தார்கள். தன் உடம்பு என்னவெல்லாம் செய்கிறது என்று பெண்களை எழுதச் சொன்னார்கள். அவர்களுக்கு உடம்பின் மேல் திருப்தி கூடியது. எழுதச் சொல்ல நான் யார்? கையைத் தூக்கச் சொல்கிறேன்.

அடையாறிலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சர் ஒருவருக்கு அதைத்தான் சொன்னேன். "கம்பியைப் பிடிக்கிற மாதிரி தூக்குங்க டீச்சர். இழுக்குதா?"

"இல்லம்மா. 29சி-ல தொங்கிட்டே போகலாம் போல." சிரித்தார். சில்லறையை எண்ணி வைத்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"இருந்தாலும், கையை இன்னும் அரை இன்ச் இறக்கிடேன்."

இறக்கிக் கொடுத்தேன்.